கனமான ஆண்கள் செண்ட்: பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீடு பாலத்துக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில். பதினைந்து வருடமாக மரம், மசாலா, பிசின் எல்லாம் சேர்ந்த கனமான செண்டுகளைப் போட்டு வருகிறேன். வேலையிடத்துத் தம்பிகள், கல்யாண மண்டபத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் மாமாக்கள், தங்கச்சியின் தோழிகள் என்று மாதத்துக்கு ஒருவராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட பேச்சிலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

அண்ணே, அத்தர், செண்ட், பெர்ஃப்யூம் எல்லாம் ஒண்ணுதானே?

வீட்டில் எல்லாவற்றையும் 'செண்ட்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் அத்தர் என்பது எண்ணெய். அதில் ஆல்கஹால் கிடையாது. அடிப்பதில்லை, தொட்டுப் பூசுவதுதான். பூவையோ வேரையோ காய்ச்சி வடித்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவது பழைய முறை. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊரில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். குறைந்த விலைக்குக் கிடைப்பதில் பெரும்பாலானவை செயற்கை வாசனைப் பொருளை வேறொரு எண்ணெயில் கலந்தவை. அதில் தவறில்லை, தெரிந்து வாங்கினால் போதும்.

விசிறி அடிப்பது ஆல்கஹாலில் கரைத்தது. வாசனைப் பொருள் ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் இருந்தால் 'ஓ டு டாய்லெட்', 15 முதல் 20 வரை இருந்தால் 'ஓ டு பர்ஃபம்', அதற்கும் மேலே போனால் 'எக்ஸ்ட்ரெய்ட்' என்று பெட்டியில் போடுவார்கள். சதவீதம் கூடினால் நேரமும் கூடும் என்று நம்பி வாங்க வேண்டாம். உள்ளே இருப்பது எலுமிச்சையும் ஆரஞ்சும் என்றால் எவ்வளவு செறிவாக இருந்தாலும் சீக்கிரம் பறந்துவிடும். வெட்டிவேரும் பச்சௌலி என்ற இலையின் எண்ணெயும் கொஞ்சமாக இருந்தாலே சாயங்காலம் வரை நிற்கும்.

'ஆம்பளை வாசனை'ன்னு சொல்றாங்களே, வாசனைக்கு ஏது ஆணும் பெண்ணும்?

நியாயமான கேள்வி. இயற்கையில் அப்படி ஒரு பிரிவு இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. ஊபிகான் நிறுவனம் 1882-ல் 'ஃபூஜேர் ரோயால்' என்று ஒன்றைக் கொண்டு வந்தது. லாவெண்டர், ஓக் மரப்பாசி, அவற்றோடு கூமரின் என்ற செயற்கைப் பொருள். கூமரினின் வாசனை காய்ந்த வைக்கோலையும், டோங்கா என்ற இனிப்பு வாசனைக் கொட்டையையும் நினைவுபடுத்தும். அதே கூட்டுதான் பிறகு ஷேவிங் கிரீம், சோப்பு என்று பரவி, முடிதிருத்தும் கடையில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தட்டும் லோஷன் வரை வந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆண்களின் கன்னத்திலேயே முகர்ந்த வாசனை, நம் மூக்குக்கு ஆண் வாசனை ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். நம் அப்பா, தாத்தாக்கள் போட்ட ஓல்ட் ஸ்பைஸ் 1937-ல் முதலில் பெண்களுக்காகத்தான் வந்தது. ஆண்களுக்கானது அடுத்த வருடம். அரபு நாடுகளில் ஆண்கள் ரோஜாவை அகிலோடு கலந்து பூசுகிறார்கள். நம் மாப்பிள்ளையின் கழுத்தில் சம்பங்கி மாலையும் மார்பில் சந்தனமும் இருப்பதைப் பார்த்து யாரும் பெண் வாசனை என்று சொல்வதில்லை. என் தங்கை என்னுடையதிலிருந்துதான் எடுத்துப் போடுகிறாள், அவளுக்கு என்னைவிட நன்றாகவே பொருந்துகிறது. இந்தப் பக்கத்தில் 'ஆண்கள் செண்ட்' என்று நான் எழுதுவது கடை அலமாரியின் பெயர், அவ்வளவுதான்.

நம்ம ஊரு வெயிலுக்கும் வேர்வைக்கும் இந்த மாதிரி கனமான வாசனை ஒத்து வருமா? குளிர் நாட்டுக்காரங்களுக்குத்தானே இது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஒத்து வரும் என்பதே என் பதில். ஆனால் குளிர் நாட்டில் போடும் அளவுக்கு இங்கே போடக் கூடாது. சூட்டில் எதுவும் வேகமாக ஆவியாகும். பினாங்கில் பகலில் 31, 32 டிகிரி, காற்றில் ஈரமும் அதிகம். லண்டனில் நாலு அடி அடித்துக் கம்பளிக் கோட்டைப் போட்டு மூடிக்கொள்பவருக்குக் கிடைக்கும் வாசனை, இங்கே மெல்லிய சட்டையில் ஒரே அடியில் கிடைத்துவிடும்.

அப்புறம், இந்தக் கனமான செண்டுகளின் உள்ளே இருப்பதைப் பாருங்கள். வெட்டிவேர்: பிரெஞ்சுக்காரர் 'வெத்திவேர்' என்பது நம் தமிழ்ச் சொல்லே. பச்சௌலி என்ற பெயரும் தமிழிலிருந்து போனதுதான். இதன் எண்ணெயில் பெரும்பங்கு பக்கத்து இந்தோனேசியாவிலிருந்து வருகிறது, மலாய்க்காரர் அதை நீலாம் என்பார்கள். 'ஆம்பர்' என்று எழுதியிருப்பது பெரும்பாலும் லாப்டனம் பிசின், வெனிலா, சாம்பிராணி மூன்றும் சேர்ந்த கூட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா தணலில் போடும் அதே சாம்பிராணிதான், அது விளையும் சுமத்ரா நமக்குக் கடலைத் தாண்டினால் எதிர்க்கரை. கிராம்பும் ஜாதிக்காயும் பாலிக் பூலாவ் தோட்டங்களில் காய்க்கின்றன. அகில் மரம் மலாயாக் காட்டு மரம். இவை எல்லாம் வெயிலிலும் மழையிலும் வளர்ந்தவை. நம் வெயிலுக்கு ஒத்து வராது என்று சொன்னால் எனக்கு மனசு ஒப்புவதில்லை.

சரி, எத்தனை தடவை அடிக்கணும்? எங்கே அடிக்கணும்?

ஆபீஸ் நாளில் ஒன்று. கல்யாணம், விருந்து என்றால் இரண்டு. அத்தர் என்றால் மூடிக் குச்சியின் நுனியில் ஒட்டுகிற அளவு. நான் சட்டை போடுவதற்கு முன், குளித்துத் துவட்டிய நெஞ்சில் அடிக்கிறேன். துணி மேலே மூடிக்கொள்வதால் வாசனை ஒரேயடியாகக் கிளம்பாமல், குனியும்போதும் கை தூக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். தோல் வறண்டவர்கள் அந்த இடத்தில் வாசனையில்லாத கிரீம் கொஞ்சம் தடவிக்கொண்டால் கூடுதல் நேரம் நிற்கும்.

மணிக்கட்டில் அடித்துத் தேய்க்க வேண்டாம். சூடேறி, முதலில் வரும் மெல்லிய வாசனை சீக்கிரம் போய்விடும், அதைத் தவிரக் கெடுதல் இல்லை. வெயிலில் நடக்கப் போகிறீர்கள் என்றால் கழுத்தில் நேராக அடிக்காதீர்கள். பெர்கமோட் போன்ற சில பழத்தோல் எண்ணெய்கள் வெயில் பட்டால் தோலில் கறுப்புத் திட்டு உண்டாக்கும். இப்போது பெரும்பாலும் அந்தப் பொருளை நீக்கித்தான் சேர்க்கிறார்கள், ஆனாலும் பழைய பாட்டில், பெயர் தெரியாத எண்ணெய் என்றால் கவனம் வேண்டும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் அத்தரைத் தொடவே தொடாதீர்கள். கறை போகாது.

நீங்க எதைப் போடுறீங்க? அது எப்படி இருக்கும், கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்.

பல பாட்டில்கள் இருந்தாலும் கை முதலில் போவது டாம் ஃபோர்டின் 'ஊத் வுட்' மேல்தான். 2007-ல் வந்தது. விலை அதிகம், 50 மில்லி ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் ஆகும். முதல் இரண்டு வருடம் நான் 5 மில்லி பிரித்து விற்கும் சின்ன பாட்டில்தான் வாங்கினேன்.

காலை ஆறரைக்கு அடிக்கிறேன். முதலில் ஏலக்காய். பாயசத்தில் போட்ட ஏலக்காய் மாதிரி இனிப்பாக இருக்காது. பச்சை ஏலக்காயை நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தால் வரும் குளிர்ந்த காரம், அதோடு மிளகின் கூர்மை. பத்து நிமிடத்தில் அது அடங்கி, தச்சர் வேலை முடித்துப் போன அறைக்குள் நுழைந்தது போல மர வாசனை வரும். பாலத்தைத் தாண்டி ஆபீசுக்குள் போய் உட்காரும் நேரத்தில் சந்தனம். அரைத்த ஈரச் சந்தனத்தின் கூர்மை இதில் கிடையாது. கோயிலில் நெற்றியில் வைத்தது காய்ந்து, லேசாகத் தோலை இழுக்கிற நேரத்தில் வரும் வாசனை அது. ஏர்கோன் குளிரில் இந்தக் கட்டம் நீண்ட நேரம் இருக்கும். கணினியைப் பார்த்துக்கொண்டே தாடையை நெஞ்சுப் பக்கம் சாய்த்தால் ஒரு மூச்சு வரும், அவ்வளவுதான். பக்கத்து மேசைக்குப் போகாது.

மதியம் சாப்பிட வெயிலில் நடக்கும்போது இன்னொரு மாற்றம். நெஞ்சில் வேர்வை துளிர்த்ததும் டோங்காவின் இனிப்பு மேலே எழும்பும், அடியில் வெட்டிவேரின் மண் வாசனை. மழை பெய்து ஓய்ந்த பிறகு தரை ஆவி விடுமே, அதற்கு நெருக்கம். ராத்திரி சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டும்போது காலர் ஓரத்தில் லேசான புகை மிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை போட்ட சாம்பிராணி சனிக்கிழமை காலை திரைச்சீலையில் தங்கியிருப்பது போல. அந்தக் கடைசிப் புகைக்காகத்தான் இதை விடாமல் போடுகிறேன். நாள் முழுக்க ஒரே வாசனையாக நிற்கும் செண்டுகள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிடும்.

எனக்கு அரை மணி நேரத்துல வாசனையே தெரியலை. கடைக்காரன் ஏமாத்திட்டானா?

அதற்கு முன் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். மாறாமல் இருக்கும் வாசனையை மூக்கு கொஞ்ச நேரத்தில் கவனிப்பதை விட்டுவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கருவாடு மணக்காததும் இதனால்தான். வெளியே போய் அரை மணி கழித்து அறைக்குள் திரும்பினால் உங்கள் வாசனை உங்களுக்கே தெரியும். தெரியவில்லை என்று மறுபடி மறுபடி அடிப்பதில்தான் ஆபத்து.

இன்னொரு காரணமும் உண்டு. சில கஸ்தூரி வகைச் செயற்கைப் பொருள்களின் மூலக்கூறுகள் பெரியவை. அவற்றைச் சிலரின் மூக்கு பிடிப்பதே இல்லை. உங்களுக்கு வெறும் தோல், மனைவிக்கு நல்ல வாசனை என்று இருக்கலாம். இரண்டு பேர் கேட்டும் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அப்போது கடைக்காரரைச் சந்தேகப்படலாம். போலியைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

ரெண்டு அடி போதும்னு சொல்றீங்க. நாலு பேருக்குத் தெரியலைன்னா எதுக்கு அந்தக் காசு?

இதற்கு ஒரு சம்பவத்தைத்தான் சொல்ல முடியும். ஊத் வுட்டுக்கு முன்னால், புகையிலையும் வெனிலாவும் கலந்த ஒரு செண்ட் வைத்திருந்தேன். ஒரு நாள் காலை ஆறு அடி அடித்துவிட்டேன். நாங்கள் நாலு பேர் ஒரே காரில் பாலத்தைக் கடப்போம். அன்றைக்கு நல்ல மழை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். சாரல் தோளில் பட்டது. கைக்குட்டையைத் தோளில் போட்டுக்கொண்டாரே தவிர, கண்ணாடியை ஏற்றவில்லை. பாலம் முடியும் வரை அப்படியேதான் வந்தார். அவர் அப்போது மூன்று மாதக் கர்ப்பம் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து கார், லிஃப்ட், கூட்ட அறை என்று மூடிய இடம் இருக்கும் நாளில் ஒரு அடிதான். கட்டிப்பிடித்து வாழ்த்தும் தூரத்தில் இருப்பவருக்குத் தெரிந்தால் எனக்குப் போதும். அந்தத் தூரத்துக்கு வருபவர்கள்தானே நமக்கு வேண்டியவர்கள்.

அகில், ஊத், காரு: மூணும் வேற வேறயா?

ஒன்றேதான். நமக்கு அகில், அரபியில் ஊத், மலாயில் காரு. நல்ல நிலையில் இருக்கும் மரத்தில் வாசனை கிடையாது. மரம் காயப்பட்டு, பூஞ்சை உள்ளே நுழைந்தால், அதை எதிர்க்க மரம் கறுப்புப் பிசினைச் சுரக்கும். அந்தப் பிசின் ஏறிய கட்டைதான் அகில். இங்கே வளரும் இனத்துக்கு அறிவியல் பெயரே 'அக்விலேரியா மலக்கென்சிஸ்', மலாக்காவின் பெயர். காட்டில் வெட்டி வெட்டிக் குறைந்துபோனதால் 1995 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இப்போது தோட்டம் போட்டும் வளர்க்கிறார்கள். பேராக்கில் கோப்பெங் பக்கம் போனால் பார்க்கலாம். சங்கப் பாட்டுகளில் பெண்கள் ஈரக் கூந்தலுக்கு அகில் புகை காட்டுவது வரும். ஆகவே அரபுக்காரர் வாசனை என்று இதை நாம் ஒதுக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டு ஆண்கள் செண்டில் அகிலை முன்னால் நிறுத்தியவற்றில் 2002-ல் வந்த ஈவ் சான் லோரானின் 'எம்7' முக்கியமானது. பெரிய நிறுவனங்களின் செண்டில் நாம் முகர்வது பெரும்பாலும் செயற்கையாகக் கட்டிய அகில் வாசனை. அசல் எண்ணெய் வேறு மாதிரி. அஸ்ஸாம் பக்கத்து எண்ணெய் முதல் பத்து நிமிடம் மாட்டுத்தொழுவம் போல இருக்கும், பலர் அங்கேயே மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பொறுத்திருந்தால் பதனிட்ட தோலும் தேனும் பழைய புத்தக அலமாரியும் மாதிரி விரியும். முப்பது வெள்ளிக்கு 'அசல் ஊத்' என்று யாராவது சொன்னால் அது அசலாக இருக்க வழியே இல்லை.

கடையில முகர்ந்தப்போ அருமையா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து போட்டா தலைவலி. ஏன்?

கடையில் நீங்கள் முகர்ந்தது முதல் ஐந்து நிமிடத்தை, அதுவும் காகிதத்தில். கனமான செண்டுக்கு உண்மை முகம் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். மேலே என் காலையை மணிக்கணக்கில் எழுதியதே அதற்காகத்தான். கடையில் ஒரு மணிக்கட்டில் ஒன்று, மறு மணிக்கட்டில் ஒன்று, அவ்வளவுதான். வாங்காமல் வெளியே வாருங்கள். குவீன் தெருவில் சாப்பிடுங்கள், வெயிலில் நடங்கள், பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள். ராத்திரியும் பிடித்திருந்தால் மறுவாரம் போய் வாங்கலாம்.

காப்பிக்கொட்டையை முகர்ந்தால் மூக்கு புதுசாகிவிடும் என்று கடையில் நீட்டுவார்கள். அதனால் பயனில்லை, வெளிக்காற்று போதும், இல்லையென்றால் செண்ட் படாத உங்கள் சட்டைக் கையையே முகருங்கள். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தர் விற்கும் பாய்களிடம் அவசரமில்லாமல் பேசுங்கள். புறங்கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு, "போயிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்பவர் நல்ல வியாபாரி.

லங்காவியில வாங்கினா மலிவுதானே? போலின்னு எப்படித் தெரியும்?

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. சில பாட்டில்கள் அங்கே குறைவாகக் கிடைக்கும், எல்லாமே அல்ல. பினாங்குக் கடையில் தள்ளுபடி நேரத்தில் என்ன விலை என்று முதலில் குறித்துக்கொண்டு போங்கள். செண்டுக்காக மட்டும் படகுக் காசு செலவழிக்க வேண்டாம்.

போலியில் நானும் பட்டிருக்கிறேன். இணையத்தில் ஒருவரிடம் பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். பெட்டி, பாட்டில், மூடி எல்லாம் அச்சு அசல். முதல் ஐந்து நிமிட வாசனையும் சரியாகவே இருந்தது. அப்புறம் வெறும் இனிப்பு, ஒரு மணி நேரத்தில் அதுவும் இல்லை. பார்த்ததும் ஏமாற வேண்டும் என்பதால் மேல் வாசனைக்குத்தான் செலவழிப்பார்கள், அடியில் இருக்க வேண்டிய விலை உயர்ந்த பொருள்களை விட்டுவிடுவார்கள். பாட்டிலின் அடியில் இருக்கும் தொகுதி எண்ணும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பொருந்தினாலும் அசல் என்று உறுதி இல்லை, பொருந்தாவிட்டால் நிச்சயம் வாங்காதீர்கள்.

ஆயிரம் வெள்ளிக்கெல்லாம் நான் எங்கே போறது? நூறு வெள்ளிக்குள்ள ஏதாவது இருக்கா?

தாராளமாக இருக்கிறது. லதாஃபா, ரசாசி போன்ற அமீரகக் கம்பெனிகள் நூறு வெள்ளிக்குள் நல்ல கனமான செண்டுகள் தருகின்றன. பெரிய பெயர்களின் சாயலில் வருபவையும் உண்டு. தன் பெயரையே போட்டு, சாயல் மட்டும் எடுத்து விற்பது ஒரு வகை. அடுத்தவன் பெயரையே ஒட்டி விற்பது போலி. முன்னதை நான் மனதார வாங்குகிறேன். ஒரே எச்சரிக்கை: இவற்றில் பல முதல் அடியிலேயே முழு பலத்தோடு வரும். மேலே சொன்ன ஒரு அடி விதி இவற்றுக்குத்தான் முதலில் பொருந்தும்.

கோயிலுக்குப் போட்டுக்கிட்டுப் போகலாமா? தைப்பூசத்துக்கு?

சாதாரண நாளில் அத்தர் ஒரு தொடு தொட்டுப் போவதில் எனக்குத் தயக்கமில்லை. சுவாமிக்கே சந்தனமும் சவ்வாதும் பன்னீரும் சாத்துகிறோம்.

தைப்பூசத்தன்று வேண்டாம். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் தோளோடு தோள் உரசி மணிக்கணக்கில் நிற்கிறோம். பால்குடம் எடுப்பவர் விரதத்தில் வெறும் வயிற்றோடு இருப்பார், காவடி எடுப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். அந்தக் கற்பூரப் புகையிலும் வெயிலிலும் நம்முடைய புகையிலை, பதனிட்ட தோல், அகில் வாசனை எல்லாம் அவர் முகத்தில் போய் மோதக் கூடாது. அன்றைக்குத் திருநீறும் பூவும் போதும். துக்க வீட்டுக்கும் போடாமல்தான் போவேன்.

கல்யாணத்துக்கு மட்டும் மேலே சொன்ன இரண்டு அடியை மனதாரப் போடுங்கள். ஏர்கோன் மண்டபம், மல்லிகை, நெய் மணம், பட்டு வேட்டி: கனமான செண்டுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

நான் கிளீன் ரூம்ல வேலை. வாரத்துல ரெண்டு நாள்தான் உள்ளே போவேன். லேசாப் போடலாமா?

கூடாது. மின்னணுச் சில்லு செய்யும் தூசியில்லா அறை அது, வாசனை ஆவியே அங்கே மாசு. சில்லுத் தகட்டைக் கெடுத்துவிடும். நானும் உள்ளே போகும் நாளில் எதுவும் போடுவதில்லை, முந்தின நாள் போட்ட சட்டையையும் உடுத்துவதில்லை.

கார் டேஷ்போர்டுல ஒரு பாட்டில் வெச்சிருக்கேன். கெட்டுப்போயிடுமா?

கெட்டுப்போகும். வெயிலில் நிறுத்திய காரின் உள்சூடும் வெளிச்சமும் செண்டுக்கு எதிரி. முதலில் மேல் வாசனை புளிக்கும், பிறகு நிறம் கறுக்கும். குளியலறையும் சரியான இடம் இல்லை. துணி அலமாரியின் அடித்தட்டு, பெட்டிக்குள்ளேயே. பல வருடம் தாங்கும்.

அண்ணா, என் வீட்டுக்காரர் போடுற ஊத் எனக்குத் தலைவலி. ஆசையா வாங்கினாரு. எப்படிச் சொல்றது?

தங்கச்சி, நேரே சொல்லிவிடுங்கள். "இது நாற்றம்" என்று சொல்லாமல், "எனக்குத் தலை வலிக்குது" என்று சொல்லுங்கள். முதலாவது அவர் ரசனை மேல் தீர்ப்பு, இரண்டாவது உங்கள் உடம்பின் நிலை. அவருக்கே தெரியாமல் அளவு கூடியிருக்கவும் வாய்ப்பு அதிகம். மூக்கு பழகிப்போவதைப் பற்றி மேலே எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். ஒரு வாரம் ஒரே அடி, அதுவும் சட்டைக்கு உள்ளே என்று முயன்று பாருங்கள்.

அப்போதும் வலித்தால் அந்தப் பொருளே உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதை நண்பர்களோடு வெளியே போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வெட்டிவேர் வகை ஏதாவது இரண்டு பேரும் சேர்ந்து போய் எடுங்கள். கெர்லானின் 'வெத்திவேர்' 1959-ல் வந்தது, இன்னும் கிடைக்கிறது. ஆண்மையும் உண்டு, காற்றோட்டமும் உண்டு. கைக்குழந்தை இருந்தால் இன்னொன்று: குழந்தையைச் சாய்க்கும் தோளிலும் நெஞ்சிலும் எதுவும் வேண்டாம்.

அப்பா தவறிட்டாரு. அவர் போட்ட செண்ட் இப்போ கடையில வாங்கினா அதே வாசனை வரலை. அது திரும்பக் கிடைக்க வழி இருக்கா?

இந்தக் கேள்வியை இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் நினைவு தவறவில்லை, செண்டே மாறியிருக்கலாம். பழைய ஆண்கள் செண்டுகளில் தாராளமாக இருந்த ஓக் மரப்பாசிக்குத் தோல் ஒவ்வாமை காரணமாக அளவு கட்டுப்பாடு வந்துவிட்டது. மைசூர்ச் சந்தனம் அரிதாகி, செயற்கைச் சந்தனம் அந்த இடத்துக்கு வந்தது. பெயரும் பாட்டிலும் அப்படியே இருக்க, உள்ளே உள்ளது மாற்றப்பட்டிருக்கும். அவர் போட்ட காலத்துப் பாட்டிலே பழைய சரக்காக எங்காவது கிடைத்தால் கிட்டத்தட்ட அதே வாசனை வரும். மிச்சம் அவர் தோல், அவர் சோப்பு, அவர் வெற்றிலையோ சுருட்டோ. அதைப் பாட்டிலில் தேட முடியாது.

அவர் பூசியது அத்தர் என்றால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். காலிப் பாட்டிலைக் கழுவாமல், துடைக்காமல், பழைய அத்தர் கடைக்கு அப்படியே கொண்டு போங்கள். ஆல்கஹால் இல்லாத கனமான எண்ணெய் என்பதால் கண்ணாடி மூடியின் கழுத்தில் வாசனை வருடக்கணக்கில் ஒட்டியிருக்கும். அனுபவமுள்ள பாய் ஒருவர் அதை முகர்ந்து நெருக்கமாக எதையாவது எடுத்துத் தருவார். என் அப்பாவின் பாட்டிலை நான் அப்படித்தான் கொண்டு போனேன். கடைக்காரப் பெரியவர் மூடியைத் திருகி எடுத்து, கண்ணை மூடி முகர்ந்து, "சந்தனம், கொஞ்சம் குங்குமப்பூ, அடியில வேர்" என்றார். கலந்து தந்தது முக்கால்வாசி சரியாக இருந்தது. அதைப் பொங்கல் காலையில் பூசிக்கொள்கிறேன். அப்பாவின் பாட்டில் பெட்டிக்குள் துணி சுற்றி இருக்கிறது. அதை வருடத்துக்கு ஒருமுறை, அம்மா கேட்கும்போது மட்டும் திறக்கிறோம்.